மூன்றாம் ஆள்

விடிகாலை ஐந்து நாற்பது. சுங்காய்த் தோட்டத்து வளைவில்
லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை ஒன்று
நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது,
சம்மன் கொடுக்க வந்த ஆள் மாதிரி.
பிரேக்கை மிதித்தேன். காடி நின்றது.
அப்பாடா என்று பாக்கியம் மூச்சு விட்டாள்.
அந்த மூச்சு முடியுமுன் பின்னாலிருந்து ஹைலக்ஸ்.

சத்தம் பெரிதில்லை.
மில்லோ டின்னை யாரோ மிதித்த மாதிரி.
பின்சீட்டில் ரெஜினாமேரியின் சோற்று டப்பா திறந்து
சம்பால் என் பிடரியில் வழிந்தது.
ரத்தம், ரத்தம் என்று நாலு பேரும் அலறினார்கள்.
தொட்டு நக்கிப் பார்த்துச் சொன்னேன்:
நெத்திலி.

ஹைலக்ஸ்காரனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
நெஞ்சில் கை வைத்து, மாஃப் காக், மாஃப் என்றான்.
போலீஸ் வேண்டாம், முந்நூறு வெள்ளி தருகிறேன் என்றான்.
என் பூட் மூடி
கொட்டாவி விட்டபடி நின்றது.
நான் அதையே பார்த்தேன். அவனும் பார்த்தான்.
ஐந்நூறு என்றான்.

தாப்பா ஸ்டேஷனில் சார்ஜன் ஒரே வரியில் முடித்தார்:
பின்னால் வந்தவன் தப்பு.
இத்தனை சுலபமாய் நியாயம்
என் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.
அப்புறம்தான் பாரம், நகல், பாரத்தின் நகல்.

என் காடி. என் கழுத்து. என் ரோட்டு வரி.
அவனுடைய கம்பெனிக் கடிதத்தில் நான் மூன்றாம் ஆள்.
முதல் ஆள் அவன், இரண்டாம் ஆள் கம்பெனி.
இடி வாங்கியவள் வரிசையில் கடைசி.

ஈப்போவிலிருந்து அட்ஜஸ்டர் வந்தார்.
குந்தி உட்கார்ந்து படம் எடுத்தார்,
போன வருஷம் சந்தையில் விழுந்த கீறலையும் சேர்த்து.
"ஏன் பிரேக் போட்டீங்க?"
"குலை கிடந்துச்சு."
"எங்க அந்தக் குலை?"
இருபது கிலோ தேறும். விடியும்வரை ரோட்டில் விட்டுவைப்பார்களா?
"காடியில யார் யாரு?"
தொண்டையில் ஒரு கணக்கு ஏறி இறங்கியது.
தலைக்கு அறுபது, மாதம் இருநூற்று நாற்பது,
கையுறை ஃபேக்டரி வாசல்வரைக்கும்.
காசுக்கு ஆள் ஏற்றுவது
என் காப்புறுதிக் காகிதத்தில் இல்லாத தொழில்.
"கூட்டாளிங்க" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

பதினாலு வருஷக் காடிக்குப் புதுச் சாமான் போட்டால்
காடி முன்னேறிவிடுமாம்.
அந்த முன்னேற்றத்தில் நூற்றுக்கு நாற்பது என் பங்காம்.
எங்கள் குடும்பத்தில்
இடி வாங்கி முன்னேறியது நான் ஒருத்திதான்.

பட்டறையில் காடி கிடந்தது பத்தொன்பது நாள்.
ஐந்து நாள் போதும் என்பது அவர்கள் கணக்கு,
நாளுக்கு முப்பது வெள்ளி.
மிச்சம் பதினாலு நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
போன் போட்டுக் கேட்டேன்.
கொஞ்சம் இருங்க என்றாள் ஒருத்தி.
பாட்டு வந்தது. ரொம்ப நேரம் நல்ல பாட்டு.

யோகேஸ் ஃபேக்டரி பஸ்ஸுக்கு மாறிவிட்டாள்.
கோபமில்லை. பஸ்ஸில் ஏர்கோன்.
மற்ற மூன்று பேரும் மாதக் கடைசியில்
ஆளுக்கு அறுபதை எடுத்து நீட்டினார்கள்.
"நான்தான் ஏத்தவே இல்லையே?"
பாக்கியம் என் கையை மடக்கி மூடினாள்.
"கூட்டாளின்னு நீதானே எழுதிக் குடுத்த."

செக் வந்தது, நான் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
புது பம்பரின் வெள்ளி நிறமும்
காடியின் வெள்ளி நிறமும் ஒன்றில்லை.
வெயிலில் தெரியும். நாங்கள் போவது இருட்டில்.

இன்றைக்கு அதே வளைவு.
கண்ணாடியில் இரண்டு விளக்கு,
மூன்று காடி தூரம் விட்டு, மெதுவாக.
அவன்தானா, வேறு யாரோ.
பின்சீட்டில் ரெஜினாமேரி
டப்பா மூடியை
உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கிறாள்.